பச்சைப் பெயின்டுக்குக் கீழே

மஸ்கெலியாப் பக்கம் பேய் வீடு என்று பேர் வாங்கிய மூன்று இடங்களுக்குச் செய்தி எழுதப் போயிருக்கிறேன். இரண்டில் வௌவால் இருந்தது, ஒன்றில் கசிப்புச் சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அத்தோடு அந்த விஷயத்தில் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச ஆசையும் போய்விட்டது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனிச் சொல்லப்போவதை வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறியிருப்பேன். நீங்களும் அப்படிச் செய்யலாம், எனக்கு வருத்தமில்லை.

என் தங்கை ஜெயா கொழும்பில் ஒரு கார்மெண்ட் கம்பனியில் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்தவள். போன வருஷம் வேலையை விட்டுவிட்டு வந்து, மஸ்கெலியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்தாள். தையல் மெஷின் திருத்தும் கடை போட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. கடை திறக்கவிருந்த நேரம் பார்த்து கம்பனிக்காரர்கள் போன் பண்ணி, திரும்பி வந்தால் சூப்பர்வைசர் வேலை, திங்கட்கிழமை பதில் சொல் என்றார்கள். அம்மா அன்றைக்கே அவளுடைய கொழும்புப் பையைத் தூசி தட்டி வாசலில் வைத்துவிட்டார். ஜெயா வீறாப்பாகப் பேசினாலும் உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தாள். எனக்குத் தெரியும், பயம் வந்தால் அவள் அளவுக்கு மீறி வேலை செய்வாள்.

அப்படித்தான் சனிக்கிழமை அந்த அலுமாரியைச் சுத்தம் பண்ண உட்கார்ந்தோம். எப்போதோ மூடிப்போன ஒரு தேயிலை ஃபெக்டரியில் கருவிகள் வைக்கப் பயன்பட்ட இரும்பு அலுமாரி, கினிகத்தேனையில் பழைய இரும்புக் கடையிலிருந்து லொறியில் வந்திருந்தது. உள்ளும் புறமும் பச்சைப் பெயின்ட், விளிம்பெல்லாம் துரு. கீல்களுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்த பிறகுதான் வலது கதவு திறந்தது.

"பேப்பர்ல ஊர்க்கதையெல்லாம் சுரண்டி எடுத்தவங்கதானே அண்ணே, இதையும் கொஞ்சம் சுரண்டுங்க" என்று என் கையில் ஒரு இரும்புத் தகட்டைத் திணித்தாள்.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த அம்மா எட்டிப் பார்த்தார். "அதுக்குள்ள பாம்பு இருக்கும்."

"இருந்தா பாதி வாடகைய அத குடுக்கச் சொல்லுவோம்மா."

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது, மறைத்துக்கொண்டார்.

வலது கதவின் உட்பக்கத்தை நான் சுரண்டினேன். பச்சை காய்ந்த தோல்போலச் சுருண்டு வந்தது, அடியில் சாம்பல் நிறம், அந்தச் சாம்பலின் மேல் வெள்ளைக் கோடுகள். ஃபெக்டரிகளில் அது பழைய வழக்கம்: ஒவ்வொரு கருவியையும் கதவில் மாட்டி அதன் உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டுவிடுவார்கள், எது இடத்தில் இல்லை என்று பார்த்தவுடன் தெரியும். எங்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு கோடாக வெளியே வர வர ஜெயா கத்திச் சொன்னாள்: சுத்தியல், குறடு, ஸ்பானர், இன்னொரு ஸ்பானர். பக்கத்துக் கடை ரேடியோவோடு சேர்ந்து பாடவும் செய்தாள். அவள் அப்படிப் பாடி நான் கேட்டு எத்தனையோ காலம்.

கடைசி மூலையைச் சுரண்டியபோது பாட்டு நின்றது.

ஜெயாவிடம் அவளே செய்த ஒரு கருவி உண்டு. காலமான எங்கள் அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய வளைந்த கத்தி, முனை உடைந்து வீட்டில் கிடந்தது. கொழும்பில் வேலை பழகும்போது, மெஷினுக்கு அடியில் விரல் போகாத இடத்துக்குப் போகும்படி அதைத் தேய்த்து மெலிதாக்கியிருந்தாள். தேய்க்கையில் கை தவறி, ஒரு பக்கம் எலி கடித்ததுபோல் பள்ளம் விழுந்துவிட்டது. அதைக் கருவிப் பையிலிருந்து எடுத்து வந்து கதவில் வைத்தாள். கோடு அதைச் சுற்றி ஒட்டி நின்றது. பள்ளம் இருந்த இடத்தில் கோடும் உள்ளே வளைந்திருந்தது.

மறுபக்கமாகத் திருப்பி வை என்றேன், பொருந்தவில்லை. நானே வாங்கி முதலில் வைத்தபடி வைத்தேன், பொருந்தியது.

"நீ வரஞ்சியா?"

"பெயின்டுக்கு அடியில போய் நான் எப்பிடிண்ணே வரைவேன்?"

அந்தப் பச்சையைச் சுரண்டியது என் கைதான். நம்பினால் நம்புங்கள், எனக்கு வந்தது பயமில்லை. நமக்காக யாரோ நாற்காலி போட்டு வைத்திருக்கும் கலியாண வீட்டுக்குள் நுழைந்தது மாதிரி இருந்தது.

 அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கருவியை என்னிடமிருந்து வாங்கி, கோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பழைய ஆணியில் தானே மாட்டினார்.

"சாமான மாட்டியாச்சு. இனி பையத் தூக்கிட்டு எங்க போகப்போற? ரொட்டி ஆறுது, ரெண்டு பேரும் கையக் கழுவுங்க."

ஜெயா சிரித்துக்கொண்டே அழுதாள். கம்பனிக்கு அன்றைக்கே போன் பண்ணி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், திங்கட்கிழமை வரை வைத்திருக்கவில்லை. மூன்று பேரும் அலுமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, துரு அப்பிய நகங்களோடு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம்.

பழக்கதோஷம், பிறகு விசாரித்தேன். ஹட்டனில் பெயின்ட் கடை வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு செதிலைக் காட்டினேன். இந்தப் பச்சை வருவது நின்று எவ்வளவோ காலமாகிறது என்றார். இரும்புக் கடைக்காரர், அந்த ஃபெக்டரி மூடியபோது தனக்கே கலியாணம் ஆகவில்லை என்றார். அவருக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்கு மேல் என்னிடம் தகவல் இல்லை.

கடை நன்றாக ஓடுகிறது. மஸ்கெலியாவில் தையல் மெஷின் வைத்திருக்கும் எல்லோரும் அங்கேதான் வருகிறார்கள். அம்மா தினமும் சாப்பாட்டோடு போய், வருகிறவர்களுக்கு அந்தக் கதவைத் திறந்து காட்டுகிறார்.

ஒன்றே ஒன்றுதான். இடது கதவை நாங்கள் சுரண்டவில்லை. நேரமாகிவிட்டதென்று ஜெயா அதன் பச்சைக்கு மேலேயே நீலம் அடித்துவிட்டாள். உட்பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் நீலம் பிடிக்கமாட்டேன் என்கிறது. இரண்டு தடவை அடித்தும் கொப்புளம் எழும்பி, பச்சையையும் சேர்த்துக்கொண்டு உதிர்கிறது. சுரண்டிப் பார்த்துவிடுவோம் என்றதற்கு, "அதுவா வரட்டும்ணே, என்ன அவசரம்" என்கிறாள். போன மாதம் பார்த்தபோது வெள்ளைக் கோட்டில் இரண்டு வட்டங்கள் தெரிந்தன, நடுவில் ஒரு சின்ன வளைவு, பக்கத்தில் ஒரே ஒரு கால்.

என் மூக்குக்கண்ணாடியின் இடது கால் உடைந்து, அப்போதுதான் ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தக் கடைக்குள் இருக்கும்வரை நான் அதைக் கழற்றுவதில்லை.