இன்ஃபோர்ம் பண்ணியாச்சு

பதுளையில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். 'இன்ஃபோர்ம்' என்ற வினைச்சொல்லுக்கு வாக்கியம் கேட்டால் கை தூக்காத பிள்ளை இல்லை. சுகமில்லை என்று டீச்சருக்கு இன்ஃபோர்ம் பண்ணினேன், கல்யாணத்தை மாமாவுக்கு இன்ஃபோர்ம் பண்ணினோம், கரண்ட் இல்லை என்று ஆபீசுக்கு இன்ஃபோர்ம் பண்ணினார்கள். அறிவித்தல், தெரியப்படுத்தல் என்று பலகையில் எழுதிப்போடுவேன். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சொல்வது வேறு. சொன்னால் எதிரில் ஒருவர் 'ம்' கொட்ட வேண்டும். இன்ஃபோர்ம் பண்ணுவதில் அந்தத் தொல்லையே இல்லை, பண்ணியவரோடு வேலை முடிந்துவிடும். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை, அக்காவுக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டேன்.

பெரகலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் பிறந்த அதே லயத்து வரிசை வீட்டில் அக்கா இருக்கிறாள். அத்தான் உயிரோடு இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். போன மழைக்கு லயத்தின் பின்னால், தேயிலைக்குள் நிலம் வெடித்தது. நான் போய் மண்வெட்டிப் பிடியை வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தேன். முழுசாக இறங்கிவிட்டது. அடுப்பு வைத்திருந்த குசினிச் சுவரிலும் ஒரு வெடிப்பு. அக்கா அதில் பழைய துணியை அடைத்து வைத்திருந்தாள்.

"குளிரு வருது, அதான்," என்றாள்.

தோட்டத்து மேனேஜரான துரையைப் பார்க்கத் தோட்ட ஆபீசுக்குப் போனேன். "துரைக்கு இன்ஃபோர்ம் பண்ணியாச்சு டீச்சர். துரை கொழும்பு ஹெட் ஆபீசுக்கு இன்ஃபோர்ம் பண்ணிட்டாரு," என்றார் கிளாக்கர். கிராம சேவகர் நல்ல மனுஷன், தேத்தண்ணி கொடுத்து உட்காரவைத்துச் சொன்னார், மேலிடத்துக்கு அன்றைக்கே இன்ஃபோர்ம் பண்ணிவிட்டாராம். அந்த மேலிடமான மாவட்டச் செயலகம் பதுளையில், என் பாடசாலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தது. அங்கேயும் போனேன்.

"ஆபத்தான இடந்தான். ஆட்களை அங்கேருந்து வெளியேத்தச் சொல்லி தோட்டத்துக்கு இன்ஃபோர்ம் பண்ணியிருக்கோம்," என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.

"தோட்டத்துல கொழும்புக்கு இன்ஃபோர்ம் பண்ணிட்டாங்களாமே."

"அப்ப சரிதானே டீச்சர், எல்லாருக்கும் தெரியுமே."

அவர் கேலி பண்ணவில்லை. உண்மையாகவே நிம்மதியோடு சொன்னார். அடப்பாவிகளா என்று மனசுக்குள் கத்தினேன். வெளியில் தேங்க் யூ சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

அக்காவையும் பிள்ளைகளையும் ஒருமுறை என்னோடு கூட்டிவந்தேன். எனக்கு வாடகைக்கு ஓர் அறை, அதில் நாலு பேரும் ஒரே பாயில் கிடந்தோம். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. "காலையில பெரட்டுல பேரு கூப்பிடுறப்ப நிக்கலேன்னா அன்னைக்குச் சம்பளம் இல்ல. பிள்ளைகளுக்கு ஸ்கூலு இருக்கு. எத்தன நாளைக்கு இப்படி?" என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பேன்?

இன்றைக்கு மத்தியானத்திலிருந்து மழை. மண்சரிவு அபாயம், உடனே வெளியேறவும் என்று போனுக்குச் செய்தி வந்தது. அக்காவை அழைத்தேன்.

"மெசேஜ் வந்திச்சா?"

"வந்திச்சு. லயத்துல எல்லா போனுக்கும் வந்திச்சு."

"அப்ப பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் கெளம்பு. இருட்டுறதுக்குள்ள கெளம்புக்கா."

"கெளம்புறேன். எங்கன்னு சொல்லு."

"கோயிலுக்குப் போ."

"கோயிலு நம்ம லயத்துக்குக் கீழதானே இருக்கு. மலை வந்தா சாமியையும் சேத்துக்கிட்டுத்தான் போகும்."

"ஸ்கூலு?"

"ஸ்கூலுக்குப் போற பாலத்துக்கு மேல தண்ணி போகுது."

"எங்கிட்ட வந்துரு."

"பஸ்ஸ நிப்பாட்டிட்டாங்க. ரோட்டுல மண்ணு." மறுபடியும் கேட்டாள். "நீ படிச்சவ. எங்க போறதுன்னு சொல்லு, இப்பவே போறேன்."

போனில் அந்தச் செய்தியை மறுபடி திறந்து பார்த்தேன், உடனே வெளியேறவும் என்றிருந்தது, எங்கே என்று இல்லை. அந்தப் பக்கம் லயத்துத் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தமும் அக்காவின் சின்னவள் எதற்கோ சிரிப்பதும் கேட்டது.

"சரி, வைக்கிறேன். உலை கொதிக்குது," என்றாள் அக்கா.