ஈரம் படாத வண்டி

2006இல் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையாக இருந்தபோது அந்த டிரைவரைத் தினமும் பார்த்தேன். வாசல் டாக்சி ஸ்டாண்டில் வெள்ளை அம்பாசடர் ஓட்டுபவர். ஒல்லியான உடம்பு, தோளில் பழைய வேட்டித் துணி. சவாரி முடிந்து வந்ததும் துணியை மடித்து மடித்து வண்டியை உள்ளும் புறமும் துடைப்பார். கண்ணாடிக்கு நியூஸ்பேப்பர். பக்கத்திலேயே குழாயில் தண்ணீர் வரும், தொடவே மாட்டார்.

"கழுவிட்டா சீக்கிரம் முடிஞ்சிடுமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பொணம் ஏத்துன வண்டியத்தான் இங்க கழுவுவாங்க சார். ஈரத்தப் பார்த்தா ஒருத்தரும் ஏறமாட்டாங்க."

"அப்போ நீங்க பொணம் ஏத்தறதில்லையா?"

அவர் குனிந்து பின்சீட்டைத் துடைத்தார். சரியான ஏமாற்றுக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அப்பா இறந்துபோனார். ஸ்டாண்டில் மற்றவர்கள் நழுவிவிட, அவர்தான் அப்பாவை முதுநகரில் எங்கள் வீடு வரை கொண்டுவந்தார். உடலை இறக்கியதும் பக்கத்து வீட்டு அக்கா சீட்டில் ஊற்றத் தண்ணீர்க் குடத்தோடு வந்தார்.

"ஊத்தாதீங்கம்மா," என்று டிரைவர் குறுக்கே நின்றார். "சாயந்தரம் ஒரு பொண்ணு பச்சக் கொழந்தையோட வூட்டுக்குப் போவுது. இந்த வண்டியத்தான் சொல்லி வச்சிருக்காங்க."

"தீட்டாச்சே தம்பி?" என்று அக்கா என்னைப் பார்த்தார்.

நான் குடத்தை வாங்கிக்கொண்டேன். அப்பாவின் தலை இருந்த இடத்தை டிரைவர் துடைத்து முடிக்கும்வரை அது என் கையில் கனத்தது.