வாஷிங் மிஷின் வாங்கப் போன டில்லி

"மாமா, ஓடியா! வெட்டப் போறானுங்க!"

என் மனைவியின் தம்பி டில்லி போனில் இப்படி அலறினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நானும் அதைத்தான் செய்தேன். சட்டைப் பித்தானைப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு மணலிக்கு ஓடினேன்.

போய்ப் பார்த்தால்... ஒரு பழைய இரும்புக் கடை. நடுவில் ஆளுயரத்துக்குத் துருப்பிடித்த ஒரு வஸ்து. அதன் மேல் சம்மணம் போட்டபடி டில்லி! எதிரே கேஸ் கட்டரோடு ஒருவர். பக்கத்தில் கடைக்காரர் மஸ்தான் பாய்.

"எறங்கு நைனா. ஒடஞ்ச கரும்பு ஜூஸ் மிஷினுக்கு இன்னாத்துக்கு இம்மாம் சீனு?"

"ஜூஸ் மிஷினா? பாய், இது மில்லிங் மிஷின்! வெட்றதுன்னா என்னையும் சேத்து வெட்டு!"

டில்லி எண்ணூரில் லேத் ஓட்டுகிறவன். லேத்தில் இரும்பு சுற்றும், கத்தி செதுக்கும். மில்லிங்கில் தலைகீழ் — பல் வைத்த சக்கரம் சுற்றும், இரும்பு மேஜையோடு நகர்ந்து அதன் அடியில் போகும். அந்தச் சக்கரத்தைக் கோக்கிற தண்டு படுக்கைவாட்டில் இருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தானாம். பாய் சிரித்துவிட்டார். இரும்பு விலைக்கே கொடுத்துவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், டில்லி அன்று வீட்டைவிட்டுக் கிளம்பியது வாஷிங் மிஷின் வாங்க!

திருவொற்றியூர் வீட்டு வாசலில் டெம்போ நின்றதும் அவன் மனைவி ரோசி வெளியே வந்தாள். "யோவ், இன்னாய்யா இது?"

"மிஷின் வாங்கியாறேன்னேன்ல... மிஷின்தான் கீது!"

பேச்சுவார்த்தை முறிந்தது.

மறுவாரம் நான் சமாதானம் பேசப் போனேன். ரோசி ஒரு பழைய கத்தியால் அந்த இரும்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "என் வாஷிங் மிஷின முழுங்கினது யாருன்னு பாக்குறேண்ணா!"

சாம்பல் பெயின்ட், பச்சை பெயின்ட், கறுப்பு பெயின்ட்... அதற்கும் கீழே புடைப்பாக எழுத்துகள்! காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தாள். ஏதோ ஓர் இங்கிலாந்து ஊரின் பெயர். அதையும் போட்டோக்களையும் இன்டர்நெட்டில் பழைய மிஷின் பிரியர்கள் குழு ஒன்றுக்கு அனுப்பினோம். பதில் வந்தது: மோட்டார் வைக்காத காலத்து மிஷின். கூரையில் ஓடும் ஒரே நீளத் தண்டிலிருந்து பெல்ட் போட்டுப் பட்டறை முழுக்க ஓட்டுவார்களே, அந்தக் காலம். நூறு வயது தாண்டியிருக்கும்.

"யோவ்... இது நம்ம தாத்தாவுக்கே மூத்ததுய்யா!" என்றாள் ரோசி. முடிந்தது கதை. அவளுக்கும் பிடித்துவிட்டது.

ஆனால் மேஜை அசையவில்லை. டில்லி சம்மட்டியை எடுத்தான். ரோசி பிடுங்கினாள். "வார்ப்பு இரும்புய்யா, வாய் பொளந்துக்கும்!" தினமும் டீசல் ஊற்றினாள். இறுகிப்போன பழைய கிரீஸைக் குச்சியால் நோண்டி எடுத்தாள். கைப்பிடியைத் தொங்காத குறையாக இழுத்தாள்.

ஒரு நாள் மாலை... கிறீச்! மேஜை ஒரு விரற்கடை நகர்ந்தது. ரோசி போட்ட கூச்சலில் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தது.

"இன்னா ரோசி, பேக்டரில கேஸ் லீக்கா?"

"இல்லக்கா! டேபிளு நவுந்துச்சு!"

போன ஞாயிற்றுக்கிழமை முதல் வேலை. எதிர்வீட்டு அந்தோணி அண்ணனின் படகு விசிறித் தண்டில் ஒரு காடி வெட்ட வேண்டும் — விசிறியைத் தண்டோடு பூட்டும் சாவிக் கட்டை உட்காரும் பள்ளம். பிசகினால் தண்டு வீண், அவர் கடலுக்குப் போக முடியாது. டில்லி கைப்பிடியைத் தொடுவதும் விடுவதுமாக இருந்தான். "நீ நவுரு," என்றாள் ரோசி. லேத் ஓட்டுகிறவனும் நகர்ந்தான்!

டில்லி பக்கத்தில் பொருத்தியிருந்த பழைய மோட்டார் சுற்ற, பெல்ட் தடதடத்தது. சக்கரம் இரும்பைக் கவ்வியது. சுருள் சுருளாகச் சீவல் பொலபொலவென்று கொட்டியது. அந்தோணி அண்ணன் சாவிக் கட்டையைக் காடியில் வைத்து அழுத்தினார். கச்சிதம்! அவர் விசிலடிக்க, டில்லி குதிக்க, நான்... இந்த வயதில் ஆடியதை எழுதினால் என் மனைவி படிப்பாள். விடுங்கள்.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டேன். வீட்டில் ஒருவருக்குப் பிடித்தால் பைத்தியம். இருவருக்கும் பிடித்துவிட்டால் — அதற்குப் பெயர்தான் குடும்பம்!