ராக்கெட் முகூர்த்தம்

என் அண்ணனுக்கு ஜோசியர் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. அறிவு வந்துவிட்டது என்று யாரும் அவசரப்பட வேண்டாம். அந்த நம்பிக்கை அப்படியே இடம் மாறி ராக்கெட் மேல் உட்கார்ந்துகொண்டது.

காரணம், அவன் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை. ஆந்திரக் கரையில் இருக்கும் ஏவுதளத்தில் இன்ஜினியர். எங்கள் தூத்துக்குடிப் பக்கமும் ஒரு ஏவுதளம் வருகிறது என்று கேட்ட நாளிலிருந்தே அண்ணன் பாதி விஞ்ஞானி. இந்தச் சம்பந்தம் மீதிப் பாதியையும் நிரப்பிவிட்டது. தன் மளிகை மொத்த வியாபாரக் கடையில் உட்கார்ந்துகொண்டு, மல்லி வத்தல் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் சுற்றுவட்டப் பாதையை விளக்குவான்.

நிச்சயதார்த்தத்துக்கு நேரம் குறிக்க வேண்டும் என்றதும் அவன் சொன்னான்: "ஞாயித்துக்கிழமை மாப்பிள்ள ராக்கெட் விடுதாரு, நாலேகாலுக்கு. அம்புட்டுப் படிச்சவங்க நேரம் பாக்காமலா விடுவாங்க? அது அங்கன கெளம்புத நேரத்துல நாம இங்கன தட்டு மாத்துவோம்."

மாப்பிள்ளை வேலையில் இருப்பாரே என்றேன்.

"நிச்சயத்துல மாப்பிள்ளைக்கு என்னளா வேல?" என்றான். அது உண்மைதான். எங்கள் வழக்கத்தில் பெரியவர்கள் தட்டு மாற்றினால் போதும்.

அவன் மகள் இதில் எதற்கும் வாய் திறக்கவில்லை. அந்தப் பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தான் எதையாவது சொல்லப்போய் அப்பா மனசு மாறிவிடக் கூடாதே என்று பயம். முன்பு ஒரு வரனைப் பல்லி கத்தியதற்காகவே திருப்பி அனுப்பியவன் அவன்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பெரிய டிவி ஓடியது. ஒரு பக்கம் அண்ணனும் மதினியும், எதிரே மாப்பிள்ளையின் அப்பா அம்மா. ஜோடிக்கு ஒரு பித்தளைத் தட்டு. எங்கள் தட்டில் மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, அவர்கள் தட்டில் பெண்ணுக்குச் சேலை. அதோடு தேங்காய், பழச்சீப்பு, வெற்றிலை. போதாததற்கு அண்ணன் எங்கள் தட்டில் மக்ரூன் மிட்டாய்ப் பெட்டி வேறு ஏற்றியிருந்தான். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து பிடிக்க வேண்டும் என்பது முறை. ஆண்கள் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்பார்கள், கனம் பெண்கள் கையில்.

டிவியில் எண்கள் இறங்கின. கூடத்தில் இருந்தவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். பாதியில் எண் நின்றுவிட்டது. ஏதோ கோளாறு, சரிபார்க்கிறோம் என்றார் அறிவிப்பாளர்.

தூக்கிய தட்டை மாற்றாமல் கீழே வைக்கக் கூடாது எங்களில். நான்கு பேரும் அப்படியே நின்றார்கள். மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு விவாதம் நடந்தது. மடி தரை ஆகாது என்று அண்ணன் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் சோபாவில் உட்கார்ந்தார்கள்.

மறுபடி எழுந்து தட்டைத் தூக்கி எண்ண ஆரம்பித்தபோது நாலரை தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு மேல் ராகுகாலம். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஜோசியரை விட்டு ஓடிவந்தவனை ராகுகாலம் ராக்கெட்டில் ஏறிவந்து பிடித்துவிட்டது.

"மொதல்ல ராக்கெட் போய்ச் சேரட்டும். தட்டு மாத்துததப் பத்தி அப்புறம் யோசிப்போம்," என்றான்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எம் பிள்ள ராக்கெட்டுக்கு ஆகுத நேரம் உங்க பொண்ணுக்கு ஆகாதோ?" என்று கேட்டாள்.

அண்ணன் டிவி பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் மகள் கதவோரம் நின்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனையும் அந்த ராக்கெட்டிலேயே கட்டி அனுப்பலாம்போல இருந்தது.

அதற்குள் ராக்கெட் கிளம்பிவிட்டது. நெருப்பு, புகை, கைத்தட்டல். அண்ணனும் மாப்பிள்ளையின் அப்பாவும் தட்டை விட்டுவிட்டு டிவிக்கு முன்னால் போய் நின்றார்கள். முதல் கட்டம் கழன்றது என்று அறிவித்தபோது, தானே கழற்றிவிட்டதுபோல அண்ணன் தலையாட்டினான்.

தட்டுகளோடு நின்றது பெண்கள் இருவரும்தான். மதினி இத்தனை வருஷத்தில் அண்ணன் பேச்சைத் தாண்டாதவள். அந்த அம்மாவிடம் நெருங்கிப் போய் மெதுவாகச் சொன்னாள்: "கை கடுக்கு மதினி. இதப் பிடிங்க, உங்களுத எங்கிட்ட தாங்க."

அந்த அம்மா தயங்கினாள். கதவோரம் நின்ற பெண்ணைப் பார்த்தாள். பிறகு தன் தட்டைக் கொடுத்து எங்கள் தட்டை வாங்கிக்கொண்டாள்.

டிவியில் ஏறிக்கொண்டிருந்த பச்சைக் கோடு, போக வேண்டிய பாதையை விட்டு மெல்லச் சரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, ராக்கெட் இலக்கை அடையவில்லை என்று இறங்கிய குரலில் சொன்னார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அது அண்ணன் கண்ணில் படவே இல்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினான்.

"நல்ல வேள, தட்டு மாத்தல," என்றான்.

"மாத்தியாச்சு," என்றாள் மதினி. "நீங்க மேல பாத்துக்கிட்டு நின்னிய."

அவள் கையிலிருந்த தட்டில் சேலை இருந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் மகள் அப்போதுதான் கூடத்துக்குள் வந்தாள். அப்பாவைத் தாண்டிப் போய் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழாதீங்க அத்த," என்றாள். "அவங்க காலைல இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க. மொதல்ல அவங்களுக்குப் போனப் போடுங்க."