முப்பத்தாறு இன்ச் மார்புக்கு எந்தத் தோட்டா?

1. மீசைக்குக் கிடைத்த வேலை

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் செக்யூரிட்டி ஆபீசராகச் சேரப் போன அன்று, முதலாளி என் சான்றிதழ்களைப் பார்க்கவில்லை. மீசையைத்தான் பார்த்தார். ராணுவத்தில் எந்தெந்தத் துப்பாக்கி பிடித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "எல்லாம் பிடிச்சிருக்கேன் சார்" என்றேன். அது பொய் இல்லை. ஆண்டுக்கொரு முறை சுடும் பயிற்சிக்கு அழைத்துப் போவார்கள், அங்கே பிடித்திருக்கிறேன். ஒரு வருடம் நான் சுட்டு முடித்ததும் இலக்கு அட்டையைக் கழற்றிப் பார்த்த ஹவில்தார், இது புதுசாகவே இருக்கிறது, அடுத்தவனுக்கு மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற நாளெல்லாம் நான் இருந்தது துணி ஸ்டோரில். கம்பளி, கொசுவலை, பூட்ஸ், சட்டை. அந்த வேலையில் மட்டும் நான் சூரன். புதிதாகச் சேர்ந்தவர்கள் வரிசையில் வரும்போதே டேப் இல்லாமல் கண்ணால் அளந்து, "சட்டை முப்பத்தெட்டு, பூட்ஸ் எட்டு" என்று சத்தம் கொடுப்பேன். பின்னால் நிற்பவன் எடுத்து வீசுவான். அளவு சரியில்லை என்று திரும்பி வந்தவர்கள் அபூர்வம்.

ஆனால் ஆவடி, அம்பத்தூர் பக்கத்தில் மிலிட்டரிக்காரன் என்றாலே எல்லையில் நின்று சுட்டவன் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். அவர்கள் நினைப்பைக் கெடுப்பானேன் என்று நானும் விட்டுவிட்டேன். கம்பெனியில் என் பெயரே மிலிட்டரி ஆகிவிட்டது. ஞானப்பிரகாசம் என்று கூப்பிட சர்ச்சில் சாமியாரும் வீட்டில் மனைவி ரெஜினாவும்தான் மிச்சம்.

2. ஸ்டாப்பிங் பவர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கம்பெனிக்கு யூனியன் வந்தது. செயலாளர் வேலு, பிரஸ் ஆபரேட்டர். சேக்காட்டில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தான். அவன் அப்பா காலம் வரை வெள்ளானூரில் அடுத்தவர் வயலில் கூலிவேலை செய்த குடும்பம். ஆள் ஒல்லி. யாரிடம் பேசினாலும் பயந்து பேசமாட்டான்.

கேட்டில் கொடி ஏறிய வாரம் முதலாளியின் கார்க் கண்ணாடியில் ஒரு கல் விழுந்தது. எறிந்தது யாரென்று இன்றுவரை தெரியாது. எறியச் சொன்னது வேலுதான் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வேண்டும் என்று மனுப் போட்டு, அலையாய் அலைந்து லைசென்ஸ் வாங்கினார். வாங்கிய கையோடு என்னைக் கூப்பிட்டார்.

"மிலிட்டரி, என் உசிரு இப்ப உங்க கையில. எந்த போர், எந்த ரவுண்டு, நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க."

போர் என்றால் குழாயின் உள்விட்டம், ரவுண்டு என்றால் தோட்டா. இந்த இரண்டும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டால் வேலை போய்விடுமோ என்று பயம். ரெஜினாவிடம் சொன்னபோது, கொசுவலை எத்தனை அடி என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பீர்களே என்று வருத்தத்தோடு சொன்னாள். கிண்டல்தான், ஆனால் உண்மை.

ஆவடி மார்க்கெட்டில் ஒரு டீக்கடை உண்டு. காலையில் அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் ரிட்டயர்டு மிலிட்டரி. நைசாகப் பேச்சுக் கொடுத்தேன். ஒருவர் நைன் எம்.எம்.தான் ஆயுதம், மற்றதெல்லாம் தீபாவளிச் சாமான் என்றார். இன்னொருவர் முப்பத்தெட்டு போர் என்று மேஜையைத் தட்டினார். மூன்றாமவர், கைத்துப்பாக்கியே வேண்டாம், பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் வாங்கு, குறி பார்க்கவே வேண்டியதில்லை என்றார். என் இலக்கு அட்டையைப் பற்றி அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்களோ என்று சந்தேகம் வந்தது. மூவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் 'ஸ்டாப்பிங் பவர்' என்று ஒரு வார்த்தை அடிபட்டது. அதை மட்டும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டேன்.

முதலாளியிடம் போய், "நைன் எம்.எம். சார். ஸ்டாப்பிங் பவர் இருக்கு" என்றேன். வரும் ஆளை நிறுத்தும் சக்தி என்று நானே அர்த்தமும் சொன்னேன். அவருக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்று சாயங்காலம் ஏதோ சப்ளையரிடம் போனில் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

3. கடைக்காரர் கேட்ட கேள்வி

மவுண்ட் ரோட்டுப் பக்கம் துப்பாக்கிக் கடை. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட கடைக்காரர் லைசென்ஸை வாங்கிப் படித்தார். நான் மீசையைத் தடவிக்கொண்டு நைன் எம்.எம். எடுங்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நைன் எம்.எம்., முப்பத்தெட்டு எல்லாம் ராணுவமும் போலீசும் வைத்துக்கொள்வது, தனியார் கைக்குச் சட்டப்படி தரமுடியாது, லைசென்ஸிலேயே முப்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறதே என்றார். பிறகு மரியாதையாக, நான் ராணுவத்தில் எந்தப் பிரிவு என்று விசாரித்தார். சப்ளை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அதற்கப்புறம் முதலாளியைப் பார்த்தே பேசினார்.

அவர் சொல்லித்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. முப்பத்திரண்டிலேயே பிஸ்டல் உண்டு, ரிவால்வர் உண்டு, ஒன்றின் தோட்டாவை மற்றதில் போடக்கூடாது. பழக்கம் இல்லாத கைக்கு ரிவால்வர்தான் நல்லது, பிஸ்டலில் தோட்டா சிக்கிக்கொண்டால் எடுத்துவிடத் தெரியவேண்டும். தோட்டாவில் வெளிநாட்டுச் சரக்கு பழசாக இருந்தது, உள்நாட்டுச் சரக்கு புதுசாக இருந்தது. வெளிநாடு என்றதும் முதலாளிக்குக் கண் அங்கே போயிற்று. பழையது வெடிக்குமா என்பதற்குத் தான் பொறுப்பில்லை என்று கடைக்காரர் சொன்னபிறகு மனம் மாறினார்.

இது போதுமா, ஆளை நிறுத்துமா என்று முதலாளி சந்தேகப்பட்டார். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருக்குன்னு தெரிஞ்சாத்தானே சார் போதுமா போதாதான்னு சொல்ல முடியும். ஆளு எப்படி இருப்பான்?"

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒல்லிதான். நம்ம வேலு மாதிரின்னு வெச்சுக்கங்களேன். சொல்லுங்க மிலிட்டரி."

நான் யோசிக்கவே இல்லை. அத்தனை வருடப் பழக்கம் வாயில் வந்து நின்றது.

"மார்பு முப்பத்தாறு சார்."

"முப்பத்தாறுக்கு இது தாராளம்" என்றார் கடைக்காரர், துணிக்கடையில் சொல்வது போலவே. பெட்டியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். காரில் திரும்பி வரும்போது முதலாளி உற்சாகமாக இருந்தார். நான் அப்படி இல்லை. அதுவரை போர், ரவுண்டு, பவர் என்று எண்களாக இருந்தது. அந்தக் கடையில்தான் அது வேலுவின் நெஞ்சாகிவிட்டது. அதையும் நானே அளந்து கொடுத்திருந்தேன்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் வேலு பிடித்துக்கொண்டான். சேக்காட்டில் எந்த விஷயம் மறைந்திருக்கிறது.

"இன்னா அண்ணாத்தே, மொதலாளிக்கு துப்பாக்கி வாங்கிக் குட்துகினு வந்தியாமே. யார சுடப் போறாராம்?"

நாய்த் தொல்லைக்காக என்றேன்.

"நம்ம கம்பெனில நாயே கெடையாதே" என்று சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான். நான் சிரிக்கவில்லை.

4. பேக்கிங் கட்டை

ரிவால்வர் முதலாளியின் இடுப்புக்கு ஏறியது. அவருக்கு இடுப்பென்று பெரிதாக ஒன்றும் கிடையாது. உறையின் கனத்தில் பேண்ட் ஒரு பக்கமாக இறங்கும், அவர் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டே ஷாப் முழுக்க நடப்பார். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். சந்தனம் எங்கெங்கே புகுந்ததோ, ஒரு வாரம் ஊக்கை வைத்து நோண்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்துத் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும், முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒப்படைத்துவிட்டோம் என்று வேலுவுக்குத் தெரியக்கூடாது என்றார். அங்கேதான் என் ராணுவ மூளை வேலை செய்தது. பேக்கிங் பெட்டியிலிருந்து ஒரு கட்டையை அறுத்து, செதுக்கி, உறையில் செருகி மூடிவிட்டேன். கம்பெனிக்குள் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கனம் குறைந்ததில் பேண்டும் நின்றது, முதலாளி என்னைத் தட்டிக்கொடுத்தார்.

அதற்கப்புறம் சில நாள் கழித்து, மத்தியான ஷிப்டில் முனுசாமி என்ற ஆபரேட்டரின் கை பிரஸ்ஸில் மாட்டியது. விரல்கள் நசுங்கி ரத்தம் நிற்கவில்லை. கம்பெனி வேன் டெலிவரிக்குப் பூந்தமல்லி போயிருந்தது. இருந்தது முதலாளியின் கார் ஒன்றுதான், டிரைவர் அன்று லீவு. வேலுவுக்கு ஓட்டத் தெரியும். சாவி கேட்டு எல்லோருமாக ஆபீஸ் ரூமுக்கு ஓடி வந்தார்கள். ஜன்னல் வழியே முதலாளி பார்த்தது, முன்னால் வேலு, பின்னால் ஐம்பது பேர். இது தன்னை வெளியே இழுக்கும் தந்திரம் என்று நினைத்துவிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். நான் சாத்துவதற்குள் வேலு உள்ளே வந்துவிட்டான். சட்டை முழுக்க முனுசாமியின் ரத்தம்.

முதலாளி எழுந்து நின்று உறையில் கை வைத்தார். பயத்தில் அவருக்கு உள்ளே இருப்பது கட்டை என்பதே மறந்துவிட்டது என்று அவர் கையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். எனக்கு மறக்கவில்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வது.

வேலு நிற்கவில்லை. மேஜை வரைக்கும் வந்து கையை நீட்டினான்.

"சுடணும்னா சுட்டுக்கோ சார். சாவிய குட்துட்டு சுடு. அவன் கை போய்கினு கீது."

முதலாளி உருவினார். மேஜைக்கு மேலே, வேலுவின் மார்புக்கு நேராக, நான் செதுக்கிய கட்டை வெளியே வந்தது. அதில் பேக்கிங் பெட்டியின் அம்புக்குறி பாதி அழியாமல் இருந்தது. முதலாளி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் மெதுவாகக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அவரே வெளியே வந்து காரின் பின்கதவைத் திறந்து பிடித்தார். முனுசாமியின் கையை டவலில் சுற்றி நான் மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு விரல் போயிற்று, மற்றவை தப்பின.

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. அந்த அறையில் கட்டைக்குப் பதில் நான் அளவு சொல்லி வாங்கியது இருந்திருந்தால், அது சரியாகவே வேலை செய்திருக்கும். புதுத் தோட்டா. தாராளமான போர்.

தேர்தல் முடிந்து ரிவால்வரைத் திரும்ப வாங்கியதும், முதலாளி அதை நேராக அதே கடைக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டார். ஏன், போதவில்லையா என்று கடைக்காரர் கேட்டார். முதலாளி பணத்தை எண்ணிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

5. ஸ்டோரில்

முனுசாமிக்கு அடிபட்ட மறுநாள் வேலு கம்பெனி ஸ்டோருக்கு வந்தான். யூனிபார்ம் கொடுப்பதும் என் பொறுப்புதான். ரத்தக் கறை போகவில்லை, வேறு சட்டை வேண்டும் என்றான். நான் திரும்பிப் பார்க்காமலே அடுக்கிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தேன். அங்கேயே போட்டுப் பார்த்தான். தைத்து வைத்தது போலப் பொருந்தியது.

"அளக்காமலே எப்டி அண்ணாத்தே?"

"உன் அளவு எனக்குத் தெரியும்பா" என்றேன். பீரோவுக்குள் ஏதோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

செக்யூரிட்டி வேலைக்கு வரும் தம்பிகள் இப்போதும் என்னிடம் எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா நல்லது என்று கேட்கிறார்கள். மீசை நரைத்தும் பெயர் மாறவில்லை. யாருக்காக என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள் என்பேன். அவனுடைய சட்டை அளவு உங்களுக்குத் தெரியும் என்றால், அவனுக்குக் கொடுக்க வேண்டியது சட்டைதான்.