அஃப்ஸானாவின் இன்டர்நெட் இல்லாத கம்ப்யூட்டர்

அஃப்ஸானாவின் வீட்டுக்கு வரும் பெண்கள் முதலில் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். சிலர் குனிந்து கையால் தடவியும் பார்ப்பார்கள். கரண்ட் வயர், திரைக்குப் போகிற வயர், கீபோர்டு, மவுஸ். வேறு எதுவும் இல்லையே? வைஃபை பெட்டியைப் பரணில் ஒளித்து வைக்கவில்லையே? சந்தேகம் தீர்ந்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்வார்கள்.

முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் கூடத்தில் எடுத்த வீடியோவை எடிட் செய்து தருவது அவள் தொழில். படம் எடுப்பது அவள் கூட்டாளி பிரவீனா. அதை வெட்டி, கோத்து, முழுப் படமாக்கித் தருவது அஃப்ஸானா. நடுவில் ஆண் கண் படாது, இன்டர்நெட்டும் தொடாது. ஓசூரில் எடிட்டர்களுக்குப் பஞ்சமில்லை. கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி என்று சுற்று வட்டாரக் குடும்பங்கள் அவளைத் தேடி வருவது அந்த இரண்டு வாக்குகளுக்காக.

முன்பு ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தாள். ஒருநாள் சாப்பிட்டுத் திரும்பியபோது, எடிட் செய்கிறவனும் அவன் நண்பர்கள் இரண்டு பேரும் ஒரு மருதாணி வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றோடு நின்றுவிட்டாள். இது ஐந்து வருடத்துக்கு முந்தைய கதை.

ஒரே ஒரு ஓட்டை இருந்தது, அதை அவள் மறைத்ததில்லை. எடிட்டிங் சாஃப்ட்வேர் மாதம் ஒருமுறை இன்டர்நெட்டில் போய் லைசென்ஸைக் காட்டிவிட்டு வரவேண்டும். இல்லையென்றால் திறக்காது. அந்த நாளில் வீடியோக்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கை முதலில் கழற்றுவாள். வேலை முடிந்த இரவுகளில் செய்வது போலவே பீரோவில் வைத்துப் பூட்டுவாள். அப்புறம் தம்பி தானிஷின் ஃபோனிலிருந்து பத்து நிமிடம் இணைப்பு, பிறகு துண்டிப்பு. "டிஸ்க் பீரோவுல, படம் டிஸ்க்குல. மிஷின்ல ஒண்ணுமே இல்ல" என்று வருகிறவர்களிடம் சொல்வாள். அவளும் அதை நம்பினாள்.

ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, கெலமங்கலம் முனவர் பேகம் ஆட்டோவில் வந்து இறங்கினார். மூன்று வாரம் முன்பு அவர் மகளுக்குக் கல்யாணம். வீடியோ இன்னும் முடியவில்லை. வந்தவர் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. ஃபோனை நீட்டினார்.

"யாரு இது?"

கல்யாணப் பெண். தலையில் துணியில்லாமல், மருதாணிக் கைகளை விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பெங்களூருல மாப்பிள்ளையோட சித்தப்பா மகன் ஃபோன்ல இருக்குது. உங்க பொண்ணு படம் ஊரச் சுத்துதேன்னு மாப்பிள்ளை வீட்டுல கேக்கறாங்க. நான் என்னா பதில் சொல்றது?"

"மாமி, உக்காருங்க."

"உக்கார வரல. அன்னிக்கி உள்ள எல்லார் ஃபோனையும் வாங்கிக் கூடையில போட்டேன். எடுத்தது உங்க கேமரா ஒண்ணுதான். வெச்சிருக்கறது நீ ஒருத்திதான். கெலமங்கலத்துல நாலு வீட்டுல சொன்னாப் போதும், அப்புறம் உனக்கு ஒரு கல்யாணமும் வராது."

அஃப்ஸானா கம்ப்யூட்டரைப் போட்டாள். அந்தக் கல்யாணத்தின் எடிட்டிங் வேலையைத் திறந்தாள். டிஸ்க்கை எடுக்கப் பீரோ சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"டிஸ்க்கு பீரோவுலதானே இருக்குது?"

"ஆமா மாமி."

"அப்ப எம் பொண்ணு இதுல என்னா பண்றா?"

திரையின் ஓரத்தில் தபால்தலை அளவில் வரிசையாகப் படங்கள். மணப்பெண், தோழிகள், மணப்பெண்ணின் தாய்.

"அது சும்மா அடையாளத்துக்கு மாமி. வீடியோ இல்ல" என்றாள். சொல்லும்போதே அந்தப் பதில் அவளுக்கே போதவில்லை.

டிஸ்க்கைச் செருகி, மருதாணிப் பகுதியை ஓட்டினாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. நிறுத்தினாள். பிரவீனாவின் கேமரா மணப்பெண்ணை இடப்பக்கமிருந்து பார்த்திருந்தது. ஃபோனில் இருந்த படமோ வலப்பக்கமிருந்து எடுத்தது. திரையின் வலது மூலையில், பச்சைச் சுடிதார் போட்ட ஒருத்தி கையை உயர்த்தி ஃபோனைப் பிடித்திருந்தாள். அஃப்ஸானா அந்த மூலையைப் பெரிதாக்கினாள்.

முனவர் பேகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார்.

"சின்னவ" என்றார். அவருடைய சொந்தத் தங்கை. "கூடையில ஒண்ணப் போட்டுட்டு இன்னொண்ண ஒளிச்சு வெச்சிருக்கா பாரு, கழுத!"

அஃப்ஸானாவின் தோளில் ஒரு நொடி கை வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். பெங்களூரில் இருக்கும் தங்கைக்கு ஃபோன் போட்டு, பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலும் தெரு கேட்கும்படி திட்ட ஆரம்பித்தார்.

இரண்டாம் ஷிப்டுக்குப் போக வேண்டிய தானிஷ் உள்ளறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வண்டிகளுக்குப் பாகங்கள் தயாரிக்கிற அவன் கம்பெனியில், யாரும் எதையும் படம் எடுத்துவிடாதபடி, கேட்டிலேயே ஃபோன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள்.

"தப்பிச்சுட்டக்கா."

"அந்தச் சின்னப் படமெல்லாம் எங்கடா இருக்குது?"

"எது?"

"டிஸ்க் இல்லாமயே தெரிஞ்சுதே."

தானிஷ் வந்து உட்கார்ந்து துழாவினான். சாஃப்ட்வேர் வேகமாக ஓடுவதற்காக ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு சின்ன நகல் எடுத்து, கம்ப்யூட்டருக்குள்ளேயே தனியாக ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தது. ஒன்றைத் தட்டினான். மங்கலாக, ஆனால் முகம் தெரியும்படி, மணப்பெண் சிரித்தாள். நகர்ந்தாள். பாட்டும் கேட்டது.

அவள் பீரோவில் பூட்டியது மூலத்தை மட்டும்தான்.

"போன மாசம் லைசென்ஸ் போட்டப்ப புது வெர்ஷன் வந்துச்சே, நாப்பது நிமிஷம் ஆச்சே, ஞாபகம் இருக்குதா?" தானிஷின் குரல் இறங்கியிருந்தது. "இங்க பாரு, ஒரு டிக் விழுந்திருக்குது. நீ போட்டியா?"

"என்னாது அது?"

"வேலைய அந்த சாஃப்ட்வேர் கம்பெனியோட சர்வர்ல பத்திரமா வெக்கிறதாம்."

"நான் போடல."

"அதுவாப் போட்டுக்கிச்சு போல." தன் ஃபோனில் அவளுடைய கணக்கைத் திறந்தான். பெயர்கள் வரிசையாக வந்தன. ஆறு கல்யாணம். இந்த மாதம் லைசென்ஸ் போட்டது போன வாரம்தான். கெலமங்கலம் கல்யாணம் பட்டியலில் முதலில் இருந்தது.

அஃப்ஸானா ஃபோனைப் பிடுங்கி ஆறையும் அழித்தாள். அழித்தவை முப்பது நாள் வரை வைத்திருக்கப்படும், வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி வந்தது.

வாசலில் திட்டுவது நின்றிருந்தது. ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பினார்.

"சொல்லாதக்கா" என்றான் தானிஷ். "அந்தம்மாவே உன்ன நம்பிட்டுப் போவுது. பாஸ்வேர்டு உன்கிட்ட இருக்குது. வேற யாரும் பாத்திருக்க மாட்டாங்க."

"பாத்திருக்க மாட்டாங்கன்னு உனக்கு எப்புடித் தெரியும்?"

அவன் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டான்.

"உன் கம்பெனில ஸ்டிக்கர் ஒட்டறவன் இப்புடியா சொல்லுவான்?"

எழுந்து வாசலுக்கு ஓடினாள். "மாமி! ஒரு நிமிஷம் இறங்குங்க."

முனவர் பேகம் இறங்கி வந்து, முழுவதையும் நின்றபடியே கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அழிச்சாலும் முப்பது நாள் இருக்கும்ங்கற. யாருகிட்ட இருக்கும்?"

"அந்தக் கம்பெனிகிட்ட."

"அது எந்த ஊருல இருக்குது?"

"தெரியல மாமி."

"அங்க ஆம்பளைங்க இருக்காங்களா, பொம்பளைங்களா?"

தானிஷுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

"தெரியல மாமி."

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஆமா."

முனவர் பேகம் நாற்காலியை இழுத்து, அந்த வீட்டில் முதல் தடவையாக உட்கார்ந்தார். ஆட்டோக்காரரைப் பார்த்து இருக்கும்படி கை காட்டினார்.

"மீதி அஞ்சு யாரு வீட்டுக் கல்யாணம்?"

அஃப்ஸானா சொன்னாள். இரண்டு வீடு அவருக்குத் தெரிந்த வீடு.

"அவங்களுக்கும் சொல்லுவியா?"

"சொல்லித்தான் ஆகணும்."

"நான் போன அப்புறம் நீ சொல்லுவன்னு நான் எப்புடி நம்பறது? இப்பப் போடு, என் எதிர்ல. ஸ்பீக்கர்ல வெச்சுப் பேசு."

அஃப்ஸானா தேன்கனிக்கோட்டைக் கல்யாண வீட்டு நம்பரைப் போட்டாள். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்கள்.

"சொல்லும்மா அஃப்ஸானா, வீடியோ ரெடியா?"