தீர்ந்த மாத்திரைக்கு அவர் செய்த ஏற்பாடு

என் வீட்டுக்காரருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது எண்பதுகளின் தொடக்கத்தில் தெரியவந்தது. ஆரணிக் கடைவீதியில் பட்டுப்புடவைக் கடை வைத்திருந்தார். தை மாசக் கல்யாணங்களுக்கு எந்த நிறம் போகும், எந்தக் கரை போகும் என்று ஆடியிலேயே யோசித்துச் சேவூர் தறிக்காரர்களிடம் சொல்லிவிடுவார். அத்தனை முன்யோசனைக்காரருக்குத் தினம் விழுங்கும் மாத்திரை தீர்ந்துபோகும் என்பது மட்டும் ஒவ்வொரு மாசமும் புதுச் செய்தி.

காலி அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், உள்ளே ஏதோ ஒளிந்திருப்பதுபோல.

"ஏங்க, நேத்தே சொல்லக்கூடாதா?"

"நேத்து ஒண்ணு இருந்துச்சே!"

செருப்பை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடுவேன்.

ஒரு பொங்கலின்போதும் அப்படித்தான் தீர்ந்தது. மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். இன்னொரு கடையில் அந்த மாத்திரை இல்லை.

"இதுக்குப் போயி பேஜார் ஆவாத. நான் பாத்துக்கறேன்" என்றவர், மறுநாள் காலை பலகாரம்கூடச் சாப்பிடாமல் கடைக்குக் கிளம்பினார். போகிற வழியில் பக்கத்து வீட்டில் நின்று, அங்கிருந்த பெரியவரிடம் ஒரு மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கியிருக்கிறார். அந்தப் பெரியவருடையது சர்க்கரை வியாதிக்கான மாத்திரை. அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை என்பது என் வீட்டுக்காரர் படித்த வைத்தியம்.

கடையில் ஒரு பெண் வீட்டார் முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு வேர்த்துக் கொட்டியது. சட்டை நனைந்தது. விரித்துப் போட்ட புடவைகள்மேலேயே சாய்ந்துவிட்டார். கல்யாணப் பெண்ணின் அத்தை, தங்களுக்குக் குடிக்க வந்திருந்த கலர் சோடா பாட்டிலை எடுத்து அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். கடைப் பையன் வந்து சொல்லி நான் ஓடிப்போய்ச் சேரும்போது எழுந்து உட்கார்ந்து, "அந்த மாம்பழக் கலரு நல்லா போவுங்க" என்று புடவையைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் அவரை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

வெறும் வயிற்றில் அந்த மாத்திரை சர்க்கரையை இறக்கிவிட்டது என்று சொல்லி டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாய்யா, சட்டை இரவல் வாங்குற மாரி மாத்திரை வாங்கிகினு வந்து முழுங்குவியா?"

"அவரும் தெனம் சாப்புடறாரு சார், நானும் தெனம் சாப்புடறேன்."

டாக்டர் மருந்துச் சீட்டை எழுதி என் கையில் கொடுத்தார். என்னைப் பார்த்து, "ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே அடுத்தது வாங்கிடும்மா" என்றார்.

அன்றிலிருந்து எப்போதும் ஓர் அட்டையைக் கடுகு டப்பாவுக்குப் பின்னால் மறைத்துவைத்தேன். அவர் கையில் இருப்பது தீர்ந்ததும் அதைக் கொடுத்துவிட்டு, அந்த வாரத்திலேயே போய்ப் புதிது வாங்கி வருவேன். அவர் கையில் கொடுத்துவைத்தால் அதையும் தீர்த்துவிட்டுத்தான் சொல்வார்.

அதன்பிறகு மாத்திரை ஒருநாளும் தவறவில்லை. சில மாசம் கழித்து வாசலில் நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "மாத்திரை விஷயத்துல பிளான் இருக்கணுங்க. நம்ம வூட்ல பாருங்க, எப்பவும் ஸ்டாக் இருக்கும்."

உள்ளே இருந்த என் காதில் விழுந்தது. கடுகு டப்பாவுக்குப் பின்னால் அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இதற்கெல்லாம் கோபப்பட்டு எனக்கும் கொதிப்பு வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் நான்தானே வாங்க வேண்டும்.